கால் தரிக்காதவள்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குத் தூக்கம் போகும். எனக்குப் பசிக்கும். பரீட்சை மாதம் பிறந்துவிட்டால் என் அலமாரியில் முறுக்கு, ரொட்டி, வீட்டில் வறுத்து அனுப்பிய ஓட்டுமாவு என்று ஒரு பெட்டிக்கடையே நடக்கும். என் பக்கத்துக் கட்டில்காரிக்கு வேறு மாதிரி. அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தோம். அவள் குடவாசல் பக்கத்துக் கிராமம். நான் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கடலோரத்து ஊர். என் அத்தா துபாயில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு அவளைக் கண்டால் பயமாக இருந்தது. கட்டிலில் அவள் படுத்துப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவாள், திரும்பி வருவாள். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். செருப்பின் பின்பக்கம் தேய்ந்து தேய்ந்து காகிதமாகிவிட்டிருக்கும்.

'டவுன் பஸ்' என்று பெயர் வைத்தோம். போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருக்கிறாளே, வேறென்ன பெயர் வைப்பது? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. யாராவது ஏதாவது கேட்க வேண்டுமென்று வாசலில் நின்றால், "ஏறுறதுன்னா ஏறிக்கடி, வண்டி நிக்காது" என்பாள். பாடத்தில் சந்தேகம் கேட்பதென்றாலும் கூடவே நடக்க வேண்டும். கதை பேசுவதென்றாலும் நடக்க வேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். அவள் ஃபோரியர் சீரிஸை விளக்கிக்கொண்டே முன்னால் போவாள். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டும் ஏறாதது எனக்கு அந்த வராந்தாவில் கொஞ்சமாவது ஏறியது.

ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "உக்காந்தா உள்ள தண்ணி ஏறுதுடி. நடந்தா வடியுது."

வயல்காட்டில் வளர்ந்தவள் பேச்சு என்று அப்போது சிரித்தோம். ஆனால் அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. சொல்லும்போது கையைத் தொண்டைக்குக் கீழே வைத்துக் காட்டுவாள், அதுவரைக்கும் ஏறிவிட்டது என்கிற மாதிரி.

ஒரு தடவை ஆடிட்டோரியத்தில் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, மாணவர்களின் மன அழுத்தம் பற்றி யாரோ ஒரு பெரியவரைப் பேசச் சொன்னார்கள். உடம்பை அசைத்தால் மனம் தெளியும், தினமும் கொஞ்ச நேரம் நடந்தாலே படபடப்பு குறையும் என்று அவர் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எங்களை அசைய விடாமல் உட்கார வைத்துச் சொன்னார். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். வாசலில் நின்ற மேடம் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று கேட்டிருக்கிறார். "சார் சொன்னதைச் செய்யப் போறேன் மேடம்" என்றாளாம். அதற்கு ஒரு வாரம் விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டு அலைந்தாள். அதையும் நடந்தேதான்.

சொன்ன பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னது நிஜம்தான், என் உடம்பிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருஷப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் மத்தியானம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை விறைத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியவில்லை. செத்துப் போகப் போகிறேன் என்றே நினைத்தேன். அறையில் இருந்த மற்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றார்கள். வெளியே போயிருந்த அவள் உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தாள். என் பெட்ஷீட்டை உருவினாள், தலையணை உறையை உருவினாள். "பக்கெட்டை எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

"என்னால முடியலடி."

"முடியலேன்னு அங்க வந்து சொல்லு."

துவைக்கிற கல்லில் என்னை நிறுத்தி, நனைத்த பெட்ஷீட்டைக் கையில் கொடுத்தாள். அடி என்றாள். அடித்தேன். இன்னும் என்றாள். அழுதுகொண்டே அடித்தேன். அது முடிந்ததும் அவள் பெட்ஷீட்டைக் கொடுத்தாள், அதுவும் முடிந்ததும் பக்கத்து அறைக்காரிகளுடையது வந்தது. முதுகு முழுக்க வியர்த்து, தோள் கழன்றுவிடும் போலிருந்தபோது நெஞ்சு எப்போது அடங்கியது என்றே தெரியாமல் அடங்கியிருந்தது. பாடம் ஒன்றும் கூடுதலாகப் புரிந்துவிடவில்லை. ஆனால் பேனா பிடிக்க முடிந்தது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பிரியம் இன்று வரை குறையவில்லை.

என்னைத் துணி துவைக்க வைத்துத் தேற்றியவளுக்கு தன் பயத்தை அடக்கிக்கொள்ள முடியவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது.

மூன்றாவது கணக்குப் பேப்பர், எங்கள் பாஷையில் எம்-த்ரீ. அதில் இரண்டு பேருக்கும் அரியர். எனக்கு அரியர் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவளுக்கு ஏன் வந்தது? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். காரணம் எல்லாருக்கும் தெரியும். பரீட்சை மூன்று மணி நேரம். அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் இருப்புக் கொள்ளாது. முதலில் முழங்கால் ஆடும், அப்புறம் பெஞ்சே ஆடும், பிறகு கை நடுங்கும். தெரிந்த கணக்கைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். வெளியே வந்து மைதானத்தைச் சுற்றும்போதுதான் விட்டுப்போன விடையெல்லாம் வரிசையாக ஞாபகம் வருமாம். மற்ற பேப்பர்களில் அந்த ஒரு மணி நேரத்தில் எழுதியதே தேற்றிவிட்டது. எம்-த்ரீ மட்டும் அதற்கு மசியவில்லை. மறுபடி எழுதினாள், மறுபடியும் அதே கதை.

கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. அந்த செமஸ்டர் முடிவதற்குள் அரியர் எதுவும் இருக்கக் கூடாது. ஊரில் அவள் அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. அரியர் என்று ஒன்று இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் நடந்த நடையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நடந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்திருக்கும், ஏதாவது கிண்டல் பண்ணுவாள். இப்போது போனபோது இருந்த முகத்தோடேயே திரும்பி வந்தாள். மெஸ்ஸில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே சாப்பிட்டாள், அதிலும் பாதியைக் கொட்டினாள். பயத்தை இவள் நடந்து தீர்க்கிறாளா, இல்லை பயம்தான் இவளைப் பிடித்து நடத்துகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரிடம் கேட்பது? நான் முறுக்குத் தின்றேன்.

பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டு மெஸ்ஸை மூடினார்கள். "எங்க ஊருக்கு வாடி, சேந்து படிப்போம்" என்றாள். தனியாக அவளை அனுப்ப எனக்கும் மனசில்லை. அத்தாவிடம் போனில் கெஞ்சி, அம்மாவிடம் சத்தியம் செய்து, ஒரு டப்பா ஓட்டுமாவோடு குடவாசலில் இறங்கினேன்.

அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் அம்மா மட்டும்தான். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்த அம்மா. இப்போது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாகப் பயிர் வைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிதான். கை வைத்த நாற்காலி. மகளுக்கென்று வாங்கியது. அதில் அந்த அம்மா ஒரு தடவைகூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"வா ஆயி, உக்காரு. பாப்பா, நீயும் உக்காரும்மா" என்றாள் மகளையும் என்னையும் பார்த்து. அதோடு சரி. அதற்குப் பிறகு மகளை எழுந்திருக்க விடவில்லை. குடத்தைத் தொட்டால், "வை கீழ." துடைப்பத்தை எடுத்தால், "அதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" சாப்பாடு நாற்காலிக்கே வந்தது. கை கழுவத் தண்ணீரும் அங்கேயே வந்தது. காலமெல்லாம் குனிந்தே வேலை பார்த்த மனுஷிக்கு, ஃபேனுக்குக் கீழே சாய்ந்து உட்கார்வதைவிடப் பெரிய சுகம் எதுவும் தெரியவில்லை. தனக்குக் கிடைக்காததை மகளுக்கு ஊட்டி ஊட்டிக் கொடுத்தாள். மகள் அந்த நாற்காலியில் முள்மேல் இருப்பது போல இருந்தாள்.

அம்மா வயலுக்குப் போனதும் அவள் வாய்க்கால் ரோட்டில் நடக்கப் போனாள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காரியம் இல்லாமல் யாரும் நடப்பதில்லை. நடந்தால் காரணம் கேட்பார்கள். எதிரே வந்த அத்தனை பேரும், "எங்கம்மா போற?" என்றார்கள். "சும்மாதான்" என்றால் நம்புவதில்லை. பின்னால் மொபெட்டில் வந்த சித்தப்பா ஒருத்தர், "மழை வர்ற மாதிரி இருக்கு, ஏறு, விட்டுடறேன்" என்று வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். மறுநாள் வேறொருவர் கொண்டுவந்து விட்டார். மூன்றாம் நாள் அவள் புத்திசாலித்தனமாகக் கையில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு போனாள், மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ போகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அதையும் வாங்கி ஒரு பையன் பைக்கில் மாட்டிக்கொண்டு, "அக்கா, ஏறுங்க" என்றான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் அன்றைக்குச் சிரித்தாள். அவள் அந்த வீட்டில் சிரித்தது அதுதான் கடைசி.

ஏனென்றால் அன்று சாயங்காலமே யாரோ அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். உன் மகள் ஆளில்லாத ரோட்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறாள், வாய் ஓயவில்லை, போனும் கையில் இல்லை என்று. அவள் முணுமுணுத்தது எம்-த்ரீ ஃபார்முலா. இதை அந்த அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? அம்மா முகம் வெளிறிப் போய்விட்டது. என்னை மட்டும் கொல்லைப்புறம் கூப்பிட்டாள்.

"பாப்பா, மறைக்காம சொல்லு. காலேஜில எதையாச்சும் கண்டு பயந்துருச்சா?"

"இல்லம்மா, அது பரீட்சைப் பயம்."

"பரீட்சைதான் காலங்காலமா எழுதுதே, இப்ப என்ன புதுசா? உங்க பள்ளிவாசல்ல ஓதி ஊதுவாங்கள்ல, குடவாசல் கடைத்தெருவுல இருக்கிற பள்ளிக்கு நீ கூட வர்றியா? தொழுதுட்டு வெளிய வர்றவங்ககிட்ட ஒரு சொம்புத் தண்ணியில ஓதி வாங்கிட்டு வந்துருவோம்."

அப்படியே போய் வாங்கி வந்தோம். அவள் மறுக்காமல் குடித்தாள். அம்மா அவள் நெற்றியில் விபூதியும் வைத்தாள். பிறகு, "இனிமே ரோட்டுக்குப் போவக் கூடாது. வீட்டை விட்டு எறங்காத" என்றாள். அடுத்தவர் கண் படும், பேச்சு வரும், கிடைத்த வேலைக்குக்கூட அதனால் இடைஞ்சல் வரலாம் என்று அந்த அம்மாவுக்குக் கலக்கம்.

அவள் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து நான் சொல்ல முடியாத அளவுக்குப் பயந்தேன். முதல் நாள் முழங்கால் ஆடியது. மறுநாள் அதுவும் நின்றுவிட்டது. புத்தகம் மடியில் திறந்தபடி கிடக்கும், பக்கம் மாறாது. இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அலையும்போதாவது அவள் உள்ளே என்னவோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இப்போது எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவள் அம்மாவோ, "பாத்தியா, எப்படி அடக்கமா உக்காந்து படிக்குது" என்று என்னிடம் நிம்மதியாகச் சொன்னாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் எழுதப் போறதில்லடி."

"என்னடி சொல்ற?"

"அந்த ஹாலும் இந்தச் சேர் மாதிரிதானே. முடியாது. வேலைக்கு வரலேன்னு மெயில் போட்டுடறேன். அம்மாகிட்ட நீ சொல்லிடு."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? ஓட்டுமாவு டப்பா காலியாகிவிட்டிருந்தது, அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர்கள் குத்தகை வயலில் இரண்டாம் போகத்துத் தாளடி நடவு. நடவு மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்; மழை ஈரத்தில் அது பக்கத்து ஊர் வயலிலேயே சிக்கிக்கொண்டதாம். அம்மா அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கை நடவுக்கு இறங்கிவிட்டாள். பத்து மணிக்கு டீ கொண்டு வரச் சொல்லி என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்திருந்தாள். "நீ மட்டும் வா பாப்பா, அவ படிக்கட்டும்" என்று கவனமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தூக்கை எடுத்தபோது அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். நான் தடுக்கவில்லை.

வரப்பில் நின்று நான் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கியிருந்தாள். வரப்போரம் கட்டிப் போட்டிருந்த நாற்று முடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"ஏறு மேல!" என்று கத்தினாள் அம்மா. அப்படி ஒரு குரலை அந்த அம்மாவிடம் நான் கேட்டதில்லை. "ஏறுடி! இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? இந்தச் சேறு என்னோட போவணும்னு தானடி உசுரக் குடுத்தேன்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க, படிச்சது மண்ணுக்குத்தான் வந்துச்சும்பாங்க."

மற்றப் பெண்கள் நட்டது நட்டபடி நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குனிந்து நட்டுக்கொண்டே பேசினாள், அம்மாவைப் பார்க்கவில்லை. "எனக்கு அந்தச் சேர்ல இருக்க முடியலம்மா. கையும் காலும் ஏதாச்சும் செய்யலேன்னா எனக்கு மூச்சு முட்டுது. பரீட்சை இருக்கும்மா, ஒரு பேப்பர் ரெண்டு தடவை போயிடுச்சு. அதுல தேறலேன்னா வேலை கெடையாது. உக்காந்து உக்காந்து எனக்குத் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

அம்மா அவளையே பார்த்தாள். "எனக்கு இடுப்பு ஒடியுது இதுல," என்றாள். "உனக்கு மனசு லேசாவுதா?"

அவள் அடுத்த நாற்றைக் கிள்ளி ஊன்றினாள். அந்தக் கேள்வி இன்று வரை என்னை விட்டுப் போகவில்லை. நாங்கள் விருப்பப்பட்டு வியர்க்கிறோம், அந்த அம்மா வேறு வழியில்லாமல் வியர்த்தாள். இரண்டும் ஒரே வியர்வைதான் என்று என்னால் சொல்ல முடியாது.

அவள் கோணல்மாணலாக ஒரு வரிசையை நட்டு முடித்துவிட்டுத்தான் ஏறினாள். மூச்சு வாங்கியது, கன்னமெல்லாம் சேறு. வரப்பில் குந்தி, பெண்களுக்காக வைத்திருந்த புளிச்சோற்றை எடுத்துத் தின்றாள். போட்டதைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். அம்மா சோற்றை வைத்துக்கொண்டே அவள் வாயைப் பார்த்தாள். எத்தனை நாளாகத் தன் மகள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அந்த அம்மாவுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நாங்கள் சொன்ன விளக்கங்கள் எதுவும் செய்யாததை அந்தச் சோறு செய்தது.

அன்று சாயங்காலம், நாள் முழுக்கக் குனிந்து நட்ட அந்த அம்மாவே முகம் கழுவிக்கொண்டு வந்து, "வா, மதகு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். "நடக்கணும்னா நட. வயல்ல மட்டும் எறங்காத." எதிரே வந்தவர்கள் கேட்டபோது, "டாக்டரு நடக்கச் சொல்லிருக்காரு" என்று கூசாமல் சொன்னாள். எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் தலையாட்டி வழிவிட்டார்கள். இடையிடையே அந்த அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொள்வதைப் பின்னால் வந்த நான் பார்த்தேன். மகள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனாள். பரீட்சை நாள் வரைக்கும் காலையும் மாலையும் இப்படியே நடந்தது.

பரீட்சைக்கு அம்மாவும் எங்களோடு பஸ் ஏறினாள். தனியாக விட மாட்டேன் என்றாள். கும்பகோணத்தில் பஸ் மாறும்போது, ஹாலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிடுவதை அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா யோசித்தாள்.

"நின்னு எழுதக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்கம்மா."

"யாராச்சும் கேட்டாங்களா?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை.

ஹாலில் எனக்கு அவளுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு தள்ளி இடம். கேள்வித்தாளை வாங்கியதும் நான் பார்த்தது கேள்வியை அல்ல, அவள் முழங்காலை. முதல் அரை மணி நேரம் அமைதி. பிறகு கால் ஆட ஆரம்பித்தது. பெஞ்சு முனகியது. பக்கத்தில் இருந்தவன் திரும்பி முறைத்தான். நான் என் பேப்பரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அவளைப் பார்த்து, தொடங்கிய இடத்தை மறந்தேன். அவள் இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். நடுக்கம் வந்துவிட்டது என்று தெரிந்தது. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முடிந்தது.

அவள் எழுந்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"மேடம்," என்றாள். "நான் நின்னுக்கிட்டு எழுதலாமா?"

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வேறு டிபார்ட்மெண்ட் மேடம். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். உக்காந்தா கை ஓட மாட்டேங்குது."

"இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையேம்மா."

"கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா மேடம்?"

மேடம் வாசலுக்குப் போய் இன்னொருவரிடம் பேசினார். அவர் இன்னொருவரைப் பார்க்கப் போனார். அவள் பெஞ்சோரமாக நின்றுகொண்டிருந்தாள், பேப்பரைக் கையில் பிடித்தபடி. எந்த நிமிஷத்திலும் அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் மைதானம். போகாதேடி, போகாதேடி என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மேடம் திரும்பி வந்தார். வாத்தியார் நின்று பாடம் நடத்துகிற மர ஸ்டாண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். "திரும்பிப் பாக்கக் கூடாது. நேரம் கூட்டித் தர மாட்டோம்" என்றார்.

ஹால் முழுக்க உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதினாள். குதிகால் ஏறி இறங்கியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். நடுவில் ஒரு தடவை அசைவே இல்லாமல் நின்றாள். எனக்கு உயிர் போய் வந்தது. பார்த்தால் கை மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மணி அடிக்கும் வரை அவள் அங்கேயே இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் பாதிக் கேள்வியைத்தான் எழுதினேன். அந்தப் பேப்பரில் அவள் தேறினாள், வேலையில் சேர்ந்தாள். எனக்கு எம்-த்ரீயோடு இன்னொரு செமஸ்டர் உறவு நீண்டது.

வெளியே புங்கமரத்தடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"கடேசி வரைக்கும் இருந்தியா ஆயி? உக்காந்தே எழுதிட்டியா?"

"இருந்தேன்மா. நின்னுதான் எழுதினேன். விட்டாங்க."

"அம்புட்டு நேரமுமா நின்ன?"

"ரெண்டு மணி நேரம்மா."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் முகம் சட்டென்று சுண்டிப் போனது. "ஐயோ, காலு கடுக்குமே" என்றாள். அங்கேயே, அத்தனை பேர் போய்க்கொண்டிருந்த வழியில், தரையில் குந்தினாள். மகளின் இரண்டு கெண்டைக்காலையும் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தாள். நடவுச் சேறு நகக்கண்ணிலிருந்து இன்னும் முழுதாகப் போகாத கை.

"விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ அசையாம நில்லு."

அவள் அசையாமல் நின்றாள்.